ஐஸ் பெட்டியில் வந்த விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர் ஏரிக்கரை. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நைலான் நரம்பு, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு... இவ்வளவுதான் சொத்து என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தக்கை அசையவே இல்லை. ஆனாலும் மனுஷர் முகத்தில் அப்படியொரு நிம்மதி!

"என்ன மீனுங்க ஐயா விழுது?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"ஜிலேபிதான் சார். வேற இன்னா வரும்? எங்கப்பா காலத்துல விரால் வரும். சின்னத் தவளையா பாத்து முள்ளுல மாட்டி, தண்ணி மேல தத்தவுட்டா போதும். லபக்னு கவ்வும். இப்ப எங்க சார் விரால்?"

அமெரிக்காவில் ஒருநாள் முழுக்கப் படகில் மிதந்துகொண்டே மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார்கள், அதற்குச் சில நூறு டாலர் கட்டணம் என்று அவரிடம் சொன்னேன். சுவாரஸ்யமாகக் கேட்டார். "அப்புறம் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்" என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"துட்டும் குடுத்து மீனையும் உட்டுட்டு வருவாங்களா? போ சார்!"

அவருக்குச் சிரிப்பு. எனக்கோ, அந்த ஜிலேபிக்கும் விராலுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக் கதை ஒளிந்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அது அம்பத்தூரில் ஆரம்பிக்கவில்லை. ஊட்டியில் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த அமெரிக்க விளையாட்டு என்னவென்று பார்த்துவிடலாம். மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த ஆறு. அதில் ட்ரவுட் என்ற மீன். படகின் நடுவே துடுப்போடு கைடு உட்கார்ந்திருப்பார். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். நாம் அவர் காட்டும் இடத்தில் தூண்டிலை வீச வேண்டும். முள்ளில் புழு இருக்காது. பளபளவென்று சுழலும் உலோகத் தகடு இருக்கும். அடிபட்டுத் துடிக்கும் குட்டி மீன் என்று நினைத்து ட்ரவுட் பாய்ந்து கவ்வும். இந்தப் பொய் இரையில் பிரபலமானது ஸ்பூன். ஜூலியோ புயல் என்ற அமெரிக்கர் ஏரியில் கைதவறி ஒரு கரண்டியைப் போட, அதை ஒரு மீன் பாய்ந்து விழுங்கியதாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஐடியா தோன்றியது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, 1852ல் அவர் காப்புரிமை வாங்கியது நிஜம்!

தூண்டில் விளையாட்டு என்றாலே வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 12ம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரர், 'மானசோல்லாசம்' என்ற தன் நூலில் 'மத்ஸ்ய விநோதம்' என்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். எந்த மீன் எங்கே இருக்கும், எதற்கு என்ன இரை, தூண்டில் கயிறு எப்படி இருக்க வேண்டும் என்று ராஜா உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்கிறார். போர், நிர்வாகம் எல்லாம் போக நேரம் கிடைத்திருக்கிறது பாருங்கள்!

சரி, வெள்ளைக்காரர்களுக்கு வருவோம்.

ஹென்றி சலிவன் தாமஸ் என்று ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. தென்கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்து, பிற்பாடு சென்னை ரெவின்யூ போர்டு வரை போனவர். உத்தியோகம் கலெக்டர் என்றாலும் உயிர் என்னவோ தூண்டிலில்தான். 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை எழுதினார். இந்தியாவில் தூண்டில் போட நினைத்த அத்தனை துரைமார்களுக்கும் அதுதான் வேதம். 1887ல் இன்னொன்று எழுதினார் - 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. அதாவது, ஏரி குளங்களில் தூண்டில் போடுவது எப்படி? அம்பத்தூர், ஆவடி, செம்பரம்பாக்கம் என்று பார்க்கும் இடமெல்லாம் ஏரியாக இருந்த மெட்ராஸ் மாகாணத்தில் இப்படி ஒரு புத்தகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த தாமஸ் அப்போதே ஒன்றை அடித்துச் சொன்னார். நம்மூர் ஆறுகளில் மஹ்சீர் என்றொரு மீன் இருக்கிறது. தமிழில் பூமீன் கெண்டை என்பார்கள். அதே அளவுள்ள சால்மனைவிட மஹ்சீர்தான் முரட்டுத்தனமாகப் போராடும் என்பது அவர் கட்சி. இங்கிலாந்து கனவான்களுக்கு சால்மனும் ட்ரவுட்டும்தான் மீன் உலகின் ராஜா, மந்திரி. அவற்றுக்கு மேலே இந்திய மீனை வைப்பதென்றால் சும்மாவா?

ஆனால், சொன்னவர் பேச்சை ஊட்டியில் யார் கேட்டார்கள்?

1819ல் ஜான் சலிவன் (அவர் வேறு, இந்த தாமஸ் வேறு) நீலகிரிக்குப் போனார். குளிரைப் பார்த்து மயங்கினார். ஊட்டி பிறந்தது. ஏரி வெட்டினார்கள், உருளைக்கிழங்கு போட்டார்கள், இங்கிலாந்துப் பூச்செடி வைத்தார்கள். குளிர், புல்வெளி, சிலுசிலுவென்று ஓடும் ஓடை எல்லாம் ஊரில் உள்ள மாதிரியே இருந்தது. ஒரே ஒரு குறை. ஓடைக்குள் ட்ரவுட் இல்லை!

ஃப்ரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் களத்தில் குதித்தார். சாதாரண ஆள் இல்லை. 'இந்திய மீன்கள்' பற்றி அவர் 1870களில் வெளியிட்ட பெரும் நூல் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் மேஜையில் இருக்கிறது. 1860களில் அவர் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவரப் பார்த்தார். அத்தனையும் வழியிலேயே செத்துப்போயின.

எப்படிச் சாகாமல் இருக்கும்? ட்ரவுட்டுக்கு ஜில்லென்ற தண்ணீர் வேண்டும். முட்டைக்கு அதைவிடக் குளிர்ச்சி வேண்டும். குளிரக் குளிர முட்டை மெதுவாக வளரும், பயணத்துக்கு அவகாசம் கிடைக்கும். சூடு ஏறினால் சீக்கிரம் பொரித்துவிடும், அல்லது அழுகிவிடும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869ல்தான். அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மெட்ராஸிலோ ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க, மசுலா படகில் அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர வேண்டும். ஐஸா? அதுவே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். நம்ம திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் அதற்காகக் கட்டியதுதானே! இத்தனையும் தாண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற வேண்டும். பாவம் முட்டை!

ஆனால், முடியாத காரியமும் இல்லை. 1864ல் 'நார்ஃபோக்' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. உள்ளே பாசியில் பொதிந்து, ஐஸுக்கு நடுவே வைத்த மீன் முட்டைகள். சுமார் மூன்று மாதப் பயணம். அப்படியும் டாஸ்மேனியாவில் ட்ரவுட் குஞ்சு பொரித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று ஊட்டி துரைமார்களுக்கு ஆத்திரம் வருமா, வராதா?

ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அடுத்துக் களம் இறங்கினார். அவர் காலத்தில் கொண்டுவந்த வேறு சில ஐரோப்பிய மீன்கள் 1870 வாக்கில் ஊட்டி ஏரியில் பிழைத்துக்கொண்டன. ட்ரவுட் மட்டும் டிமிக்கி கொடுத்தது. இதற்குள் 1879ல் நீலகிரிக்கென்றே வேட்டை - மீன் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்துவிட்டது. கவனியுங்கள், சட்டம் ரெடி. மீன்தான் இன்னும் வரவில்லை!

பக்கத்தில் சிலோனில் 1880களிலேயே நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் வந்துவிட்டது. காஷ்மீரில் 1899ல் வந்த முதல் பார்சல் செத்து, அடுத்த ஆண்டு வந்தது பிழைத்தது. அதைக் காப்பாற்றி வளர்த்தவர் ஃப்ராங்க் மிட்செல் என்ற கம்பள ஆலைக்காரர்! நீலகிரிக்கு விடிய இன்னும் பத்து வருஷம் ஆனது. சர் ஃப்ரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மெட்ராஸ் மீன்வளத் துறை உருவானபோது, எச்.சி.வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் வந்து சேர்ந்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். 1909-10 வாக்கில் சிலோன் உள்ளிட்ட இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908ல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தமுறை பிழைத்தது. ஆனால், பிழைத்தது எது தெரியுமா? இங்கிலாந்துக்காரர்கள் ஆசைப்பட்ட பழுப்பு ட்ரவுட் இல்லை. சற்றே வெதுவெதுப்பையும் தாங்கும் ரெயின்போ ட்ரவுட். அதன் பூர்வீகம் பசிபிக் கடலோர அமெரிக்கா! நாற்பது வருஷத்துக்கு மேல் தவமிருந்து, பிரிட்டிஷார் நீலகிரியில் குடியேற்றியது ஓர் அமெரிக்கனை!

அவலாஞ்சி, முக்கூர்த்தி, பைக்காரா என்று ஓடை ஓடையாக ட்ரவுட் பரவியது. துரைமார்கள் லைசென்ஸ் எடுத்து, தொப்பியில் கொக்கி குத்திக்கொண்டு கிளம்பினார்கள். விருந்தாளிக்கு ராஜ மரியாதை.

இப்போது அந்தப் பைக்காரா தண்ணீரோடு கொஞ்சம் கீழே இறங்குவோம். முக்கூர்த்தி மலையில் பிறக்கும் பைக்காரா, அருவியாகக் குதித்து, முதுமலைக் காட்டு ஓரம் மாயாறு என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. மாயாறு பவானியோடு சேர்கிறது. பவானி காவிரியோடு. மேலே ட்ரவுட்டைத் தாலாட்டிய அதே தண்ணீர்தான். கீழே, வெயில் தகிக்கும் பள்ளத்தாக்கில், யாரும் கப்பலில் கொண்டுவராத ஒரு மீன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு. திமில் மஹ்சீர்!

இது காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1946 மார்ச்சில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோ! வளர்ந்த ஆள் ஒருவரைத் தூண்டில் போட்டு இழுத்த மாதிரி. புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுப்பதில் பேர்போன குடும்பம் அவர்களுடையது. இந்த மீனின் ரெகார்டு இன்றைக்கும் தூண்டில்காரர்கள் வாயில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அணைகள் வந்தன. ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்கும் கொடுமை பரவியது. ஒரே ஒரு டைனமைட் குச்சி. குட்டி, குஞ்சு, சினை மீன் என்று அந்த மடுவே மிதக்கும். மஹ்சீர் கதை முடிந்தது என்றே பல பேர் நினைத்திருந்த நேரத்தில், 1978ல் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் காவிரிக்கு வந்து ராட்சச மஹ்சீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். தூண்டில் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. டி.வி.யில் ராட்சச மீன்களோடு மல்லுக்கட்டும் ஜெரமி வேடைப் பார்த்திருப்பீர்களே, அவரும் 1982ல் மஹ்சீரைத் தேடித்தான் முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தார்.

இங்கேதான் நம்ம ஊர் மிதவைப் பயணம் ஆரம்பமானது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே, காவிரி காட்டுக்குள் பாயும் பகுதியில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமகளி என்று தூண்டில் முகாம்கள். பெங்களூரில் 1972ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்தது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்களை நடத்தியது. இன்னும் கீழே போனால் ஒரு கரை கர்நாடகம், மறு கரை தமிழ்நாடு, அப்புறம் ஒகேனக்கல்.

அமெரிக்கப் படகுக்குப் பதில் இங்கே பரிசல். மூங்கில் கூடை, வட்டமாக. முன்னே எது, பின்னே எது என்று அதற்கே தெரியாது. பரிசல்காரர்தான் கைடு. பாறை, சுழல், மடு எல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை. வெள்ளைக்காரர் பளபளவென்று ஸ்பூனை வீசுவார். "அதெல்லாம் சரிப்படாது சார், இதைப் போடுங்க" என்று இவர் ஒரு ராகி உருண்டையை நீட்டுவார். நன்றாக வேகவைத்துப் பிசைந்த கெட்டி உருண்டை. பல தடவை ஜெயித்தது ராகிதான்! மீன் மாட்டினால் பரிசலையே இழுத்துக்கொண்டு ஓடும். மணிக்கணக்கில் போராட்டம். கடைசியில் எடை பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

அந்த கைடுகளில் சிலர் ஒருகாலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். வெடி போட்ட கைக்கு மாதச் சம்பளம் வந்தது. செத்த மீனுக்கு ஒருமுறைதான் காசு, உயிரோடு இருக்கும் மீன் வருஷா வருஷம் காசு கொடுக்கும். இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. வெடிகாரர்களை விரட்டவும் அவர்களே நின்றார்கள். என் அம்பத்தூர் பெரியவருக்குப் பதில் இதுதான். துட்டும் கொடுத்து மீனையும் விட்டுவிட்டுப் போகிறவனால்தான் அந்த மீன் உயிரோடு இருந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம்.

1970களிலிருந்து, மஹ்சீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், ஆறுகளில் குஞ்சு விடும் திட்டம் ஆரம்பித்தது. மகாராஷ்டிரத்தில் லோனாவ்லா பொரிப்பகத்தில் மஹ்சீர் குஞ்சுகளை அமோகமாக வளர்த்தார்கள். பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. மஹ்சீர்தானே, மஹ்சீர் ஆற்றில் விட்டால் என்ன?

அங்கேதான் பிசகு. அது நீலத் துடுப்பு மஹ்சீர். கிருஷ்ணா நதிப் பக்கத்து இனம். காவிரியின் திமில் மஹ்சீர் வேறு. பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மாதிரி உறவுதான், ஒரே ஆள் இல்லை. வந்த விருந்தாளி வேகமாகப் பெருகியது. வீட்டுக்காரன் ஒதுங்கிக்கொண்டே போனான். கரையில் இருந்தவர்களுக்குச் சந்தோஷம், நிறைய மீன் மாட்டுகிறதே!

இதைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? அந்தத் தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்! என்றைக்கு, யார், எந்த வகை, எத்தனை எடை என்று காலிபோர் முகாமில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் அலசியபோது பகீரென்றது. மொத்த மீன் கூடியிருக்கிறது, திமில் மஹ்சீர் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்குள் முகாம்களுக்கும் பூட்டு விழுந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குச் சட்டத்துக்கு விளக்கம் சொல்லப்பட்டு, 2012 வாக்கில் எல்லாம் நின்றது. காட்டில் மானைத் துரத்தக் கூடாது என்றால் மீனை மட்டும் துரத்தலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தூண்டில்காரன் போய்விட்டால் வெடிகாரனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் நின்றுபோனது மட்டும் நிச்சயம் நஷ்டம்.

இன்னொரு கூத்தும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகத் துரைமார்கள் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்ட இந்த மீனுக்கு, விஞ்ஞானத்தில் சரியான பெயரே கிடையாது! பெயர் இல்லாத பிராணியைச் சட்டப்படி காப்பாற்றுவது எப்படி? ஆராய்ச்சியாளர்கள் தேடி அலைந்து, கடைசியில் நம் தமிழ்நாட்டு மாயாற்றில் அதைக் கண்டார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்து, 2007ல் 'டார் ரேமாதேவி' என்று பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று 2018ல் அறிவித்தார்கள். நம் சென்னையில், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய மீன் ஆய்வாளர் ரேமாதேவியைக் கௌரவிக்கும் பெயர் அது. அதே 2018ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த மீனை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயரும் ஆபத்தும் ஒன்றாக வந்தன.

மேலே, முக்கூர்த்தி 1990ல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அவலாஞ்சி, குந்தாப் பக்கத்து ஓடைகளில் மின்சாரத்துக்காக அணைகள் வந்தன. 1939ல் சிலோனிலிருந்து வந்த கண்ணாடிக் கெண்டை வேறு ஏரிகளில் இடம் பிடித்தது. ட்ரவுட்டின் ராஜ்யம் சுருங்கிவிட்டது. ஒரே தண்ணீர். மேலே, ஐஸில் பொத்தி எடுத்துவர நாற்பது வருஷம் செலவழித்தோம். கீழே, பக்கத்திலேயே இருந்ததற்குப் பெயர் வைக்கக்கூட நமக்கு 2018 வரை நேரமில்லை.

உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு என்று அதே ஒன்றியத்தின் நிபுணர் குழு ஒரு பட்டியல் போட்டது. ரெயின்போ ட்ரவுட் அதில் இருக்கிறது. பழுப்பு ட்ரவுட்டும் இருக்கிறது. கூடவே இன்னொரு பெயர், மொசாம்பிக் திலாப்பியா. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான். 1952ல் இந்தியாவுக்குள் நுழைந்தது. மலிவாக, சீக்கிரமாக வளரும் மீன் என்று குளம் குளமாகப் போய்ச் சேர்ந்தது. கேள்விப்படாத பெயராக இருக்கிறதா? நம்மூரில் அதைத்தான் ஜிலேபி என்கிறோம்.

போன வாரம் மறுபடி அம்பத்தூர் ஏரிக்குப் போனேன். அதே பெரியவர். இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தக்கையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்ப இதுவும் வெளியூரு மீனா? நான் ஏதோ எங்க ஏரி மீனுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

தக்கை முங்கியது. இழுத்தார். ஜிலேபிதான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பையில் போட்டுக்கொண்டார்.